பிறைக்கு வரும் பெட்டிகள்: மின்னணு உதிரிபாகக் கிடங்குகளும் கூரியர் வழிகளும்

தொழிற்சாலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளையும் மின்வழங்கிகளையும் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றைப் பினாங்கின் பெருநிலப் பகுதியான பிறையில் நடத்தி வருகிறேன். ஓர் இயந்திரத்தை மீண்டும் ஓடவைக்கத் தேவைப்படுவது பெரும்பாலும் 10 ரிங்கிட் கூடப் பெறாத, ஐசி எனப்படும் ஒரு சில்லோ கெப்பாசிட்டரோதான். ஆனால் அது கைக்கு வந்து சேரும் வரை அந்த உற்பத்தி வரிசை முழுவதும் நின்று கிடக்கும். தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி அழைப்பும் ஓயாது. ஆகவே எங்கே வாங்குவது என்ற கேள்வி எங்களுக்கு விலையைப் பற்றியது மட்டுமன்று. சொன்ன நாளில் சொன்ன பொருள் வந்து சேருமா என்பதைப் பற்றியது.

அந்தக் கண்ணோட்டத்திலேயே அமெரிக்காவின் டிஜி-கீ, மவுசர் ஆகிய கிடங்குகளையும், சிங்கப்பூரில் இருப்பு வைத்திருக்கும் எலிமெண்ட் 14 நிறுவனத்தையும், சீனச் சந்தைத் தளங்களையும், கோலாலம்பூர்க் கடைகளையும் இங்கே மதிப்பிடுகிறேன். பல ஆண்டுகள் வாங்கிப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில் இருப்பவருக்கு எந்தக் கிடங்கு அருகில் இருக்கிறது என்பதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டி வரும் வழியில் எத்தனை நிறுவனங்களிடம் கைமாறுகிறது என்பதைப் பார்த்தால்தான் அது விளங்கும்.

டிஜி-கீயின் கிடங்கு மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. வானொலி ஆர்வலர்களுக்கான ஒரு சிறு கருவித் தொகுப்பை விற்றுத் தொடங்கிய ரொனால்ட் ஸ்டோர்டால் 1972இல் நிறுவிய இந்நிறுவனம், 2022இல் அதே ஊரில் 22 லட்சம் சதுர அடிப் பரப்புள்ள புதிய விநியோகக் கட்டடத்தைத் திறந்தது. டெக்சஸ் மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்டில் இருக்கும் மவுசரும் இதே வகையில், உலகம் முழுவதற்குமான இருப்பை ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறது. தம் மாணவர்களுக்கு உதிரிபாகம் கிடைக்காத குறையைப் போக்க ஜெர்ரி மவுசர் என்ற இயற்பியல் ஆசிரியர் 1964இல் தொடங்கியது அது.

உலகம் முழுவதும் விற்பவர்கள் ஏன் ஊர்தோறும் கிடங்கு வைப்பதில்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. அரிய ஐசி ஒன்று உலகமெங்கும் சேர்ந்து மாதத்துக்குச் சில நூறு மட்டுமே விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 20 நாடுகளில் 20 கிடங்குகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், எந்த நாட்டில் எப்போது கேட்பார்கள் என்பது தெரியாத நிலையில், ஒரு கிடங்கில் தீர்ந்துபோயிருக்கும், இன்னொரு கிடங்கில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். ஒரே இடத்தில் வைத்தாலோ ஒரு நாட்டில் குறைந்த தேவையை மற்றொரு நாட்டில் கூடிய தேவை ஈடுகட்டிவிடுவதால், குறைவான இருப்பைக் கொண்டே எல்லாருக்கும் இல்லையென்று சொல்லாமல் கொடுக்க முடிகிறது. குளிர்பதனப் பெட்டிக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. உள்ளங்கையில் அடங்கும் பையில் ஆயிரம் ரிங்கிட் பெறுமான சரக்கு இருக்கும் ஐசிக்கு விமானக் கட்டணம் பெரிய சுமையன்று. ஆகவே தூரம் இங்கே தடையாக இருப்பதில்லை.

இக்கிடங்குகளுக்குள் நடக்கும் வேலையின் தரம் கைக்கு வரும் பையைப் பார்த்தாலே தெரிகிறது. ரெசிஸ்டர் போன்ற சிறு பாகங்கள் ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கில் நாடாச் சுருளாக வருகின்றன. நம்மைப் போன்றவர்கள் கேட்பதோ பத்தும் நூறும்தான். நாடாவின் ஓரத்தில் 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றை எண்ணும் கருவி கேட்ட அளவுக்கு நாடாவை அளந்து கொடுக்க, வெட்டிய துண்டு தனிப்பைக்குள் போகிறது. ஒரு துளைக்கு ஒரு பாகம் என்ற இடைவெளியில் அமைந்த நாடாவில் 100 பாகங்கள் சரியாக 40 சென்டிமீட்டர் நீளம் வரும் என்பதால், பை வந்தவுடன் ஒவ்வொன்றாக எண்ணாமல் அளவுகோலை வைத்தே சரிபார்த்துவிடலாம். பையின் மேல் ஒட்டிய சீட்டில் உற்பத்தியாளரின் பாக எண், எண்ணிக்கை, தயாரிப்புத் தேதிக் குறியீடு, தொகுதி எண், உற்பத்தி நாடு ஆகிய எல்லாமே எழுத்தாகவும் சதுரக் குறியீடாகவும் அச்சிட்டிருக்கும்.

ஈரத்தால் கெடக்கூடிய ஐசிக்களை இவர்கள் அனுப்பும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளி நிறத்தில் தடித்த ஈரத்தடுப்புப் பை, அதனுள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், 5, 10, 60 சதவீதம் என்று மூன்று புள்ளிகள் கொண்ட அட்டை ஆகியவை சேர்ந்து வரும். நான் வாங்கிய பைகளில் இருந்த அட்டைகளில் புள்ளிகள் வறண்ட நிலையில் நீலமாகவும் ஈரம் ஏறியிருந்தால் இளஞ்சிவப்பாகவும் மாறும் வகையே அதிகம். இதை வெறும் அலங்காரமாக நினைத்துக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. ஐசியின் பிளாஸ்டிக் உடல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பற்றவைக்கும்போது அந்த ஈரம் நீராவியாகி விரிந்து, வெளியே தெரியாத விரிசலை உள்ளே உண்டாக்கிவிடும். பட்டறையில் நன்றாக ஓடிய பலகை ஒரு மாதம் கழித்துத் தொழிற்சாலையில் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்த பினாங்கில் இந்த அட்டையைப் பார்க்காமல் எந்த ஐசியையும் பற்றவைக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறையின் விதி. டிஜி-கீயிலும் மவுசரிலும் வாங்கியவற்றில் இந்தப் பொதியல் எனக்கு ஒருபோதும் குறையாக வந்ததில்லை.

சீட்டிலுள்ள உற்பத்தி நாட்டைப் படிப்பதில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஐசிக்கள் பலவற்றில் அங்கே மலேசியா என்று இருக்கும். கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் அந்நிறுவனத்துக்கு ஆலைகள் இருக்கின்றன. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில் அமைத்தது, பாயான் லெப்பாஸ் சுதந்திரத் தொழிற்பேட்டை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். நம் அக்காமார்களும் அத்தைமார்களும் இந்த ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். நம் நாட்டில் உறையிட்டுச் சோதித்த ஐசி அமெரிக்கக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து ஒற்றையாகப் பிறைக்குத் திரும்பி வருவதை வீண் சுற்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆலை ஒற்றை ஐசி விற்காது, ஆயிரக்கணக்கில்தான் அனுப்பும். அதைப் பிரித்து, பெயரிட்டு, பத்து வேறு உற்பத்தியாளர்களின் பாகங்களோடு ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் வேலையே கிடங்கின் சேவை. நாம் கொடுக்கும் கூடுதல் விலை அதற்கானது, அது நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது பயணம். பினாங்கில் காலை 9 மணி என்றால் மினசோட்டாவில் பருவத்தைப் பொறுத்து முந்தைய நாள் மாலை 7 அல்லது 8 மணி. ஆகவே நாம் காலையில் பட்டறையைத் திறந்து பழுதைக் கண்டுபிடித்து ஆர்டர் போடும் நேரம் அவர்களின் மாலைநேர வேலையாக அமைகிறது. அங்கிருந்து புறப்படும் பெட்டி எந்தக் கூரியரிடம் போகிறதோ அதன் மைய முனையத்துக்கு இரவில் போய்ச் சேரும்; ஃபெடெக்ஸுக்கு மெம்ஃபிஸ், யுபிஎஸ்ஸுக்கு லூயிவில். எல்லா ஊர்ப் பெட்டிகளையும் இரவில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, பிரித்து, விடிவதற்குள் வெவ்வேறு விமானங்களில் ஏற்றிவிடும் இந்த முறையை ஃபெடெக்ஸ் 1973 ஏப்ரல் 17இல் 14 சிறு விமானங்களோடு தொடங்கியது. முதல் இரவில் போனவை 186 பொட்டலங்கள்தான். சேலத்துக்கும் திருச்சிக்கும் போக வேண்டிய இரண்டு கடிதங்களையும் முதலில் சென்னைக்குக் கொண்டுபோவது போன்றது இது. இரண்டு ஊருக்கு வீண் சுற்றாகத் தெரிந்தாலும் நூறு ஊருக்கு இதுவே சுருக்க வழி.

டிராக்கிங் பக்கத்தில் அடுத்து ஆங்கரேஜ் என்ற பெயர் வரும்போது பலர் பெட்டி வழிதவறிவிட்டது என்று பதறுகிறார்கள். அலாஸ்காவிலுள்ள அந்த ஊர், அமெரிக்காவிலிருந்து கிழக்காசியாவுக்குப் போகும் குறுக்குப் பாதைக்கு அருகில் இருக்கிறது. உருண்டையான பூமியில் குறுகிய வழி வடக்கே வளைந்துதான் போகும். முழுப் பாரம் ஏற்றிய சரக்கு விமானம் அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் கடப்பதைவிட, பாதி வழியில் எரிபொருள் நிரப்பிக்கொண்டால் கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்பதால் அங்கே இறங்குகிறது. பிறகு ஆசிய முனையம்: ஃபெடெக்ஸ் 2009 முதல் குவாங்சோவையும், யுபிஎஸ் 2010 முதல் ஷென்சென்னையும், டிஎச்எல் ஹாங்காங்கையும் மையமாகக் கொண்டிருக்கின்றன. அங்கிருந்து பினாங்குக்கு வரும். நம் தீவின் மின்னணு ஆலைகளால் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குச் சரக்குப் போக்குவரத்து எப்போதும் உண்டு; அதன் பயன் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கும் கிடைக்கிறது. விமான நிலையம் தீவில், நாங்கள் பெருநிலத்தில். 1985இல் திறந்த பாலத்தைக் கடந்து வேன் பிறைக்கு வந்து சேர்கிறது. ஆர்டர் போட்டதிலிருந்து வழக்கமாக 3 முதல் 5 வேலை நாள்கள்.

இவ்வளவு நீண்ட வழி இவ்வளவு ஒழுங்காக ஓடுவதற்குக் காரணம், மினசோட்டாவில் பெட்டியை எடுத்த நிறுவனமே விமானமும் முனையமும் வேனும் தனதாகவோ தன் பொறுப்பிலோ வைத்துப் பிறையில் ஒப்படைப்பதுதான். ஒவ்வொரு முறை பட்டைக் குறியீட்டைப் படிக்கும்போதும் தகவல் ஒரே கணினியில் பதிகிறது. பெட்டி வானத்தில் இருக்கும்போதே விலைச்சீட்டு சுங்கத்துறையின் பார்வைக்குப் போய்விடுவதால், பெரும்பாலும் இறங்கியவுடன் விடுவிக்கப்படுகிறது. அந்த விலைச்சீட்டின் தரத்திலும் கிடங்குகளுக்குப் பங்கு உண்டு. ஐசிக்கு 8542, டையோடு டிரான்சிஸ்டருக்கு 8541, கெப்பாசிட்டருக்கு 8532, ரெசிஸ்டருக்கு 8533 என்று ஒவ்வொரு வரிக்கும் சரியான சுங்க வகைப்பாட்டு எண் எழுதி, உற்பத்தி நாடும் விலையும் குறிப்பிட்டு அனுப்புகிறார்கள். வெறுமனே மின்னணுப் பொருள்கள் என்று எழுதி வரும் பெட்டியே சுங்கத்தில் நிற்கும் பெட்டி.

வரியைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக விற்கப்படும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 10 சதவீத விற்பனை வரி உண்டு. 12 மாதங்களில் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இவ்வாறு விற்பவர்கள் பதிவு செய்துகொண்டு அதை வாங்குபவரிடமே வசூலிக்க வேண்டும். ஷாப்பி, லசாடா போன்ற தளங்களில் பணம் செலுத்தும் பக்கத்திலேயே அது சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். 500 ரிங்கிட்டைத் தாண்டினால், பொருளின் விலையோடு அனுப்புக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகையின் மேல் நுழையும் இடத்தில் கணக்கிடுவார்கள். தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக அமைப்பின் உடன்பாட்டில் மலேசியாவும் இருப்பதால் ஐசிக்களுக்கு இறக்குமதித் தீர்வை இல்லை. விற்பனை வரி வேறு, அது வகைப்பாட்டு எண்ணைப் பொறுத்தது. வரியை நமக்காக முன்கூட்டியே கட்டும் கூரியர் அதற்கென்று தனிக் கட்டணம் ஒன்றையும் சேர்ப்பதுண்டு. சிறிய ஆர்டர்களில் அக்கட்டணம் வரியையே விஞ்சிவிடும் என்பதால், விலை வரி உட்பட்டதா நீங்கலானதா என்பதை ஆர்டர் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரி நிலுவையில் இருக்கும் நாளில் பெட்டியைக் கொண்டுவரும் இளைஞர் அழைப்பார். "அண்ணே, உங்க பார்சலுக்கு வரி காட்டுது, கட்டிட்டீங்களா? கட்டுனாத்தான் இன்னைக்கு இறக்க முடியும்." "காலையிலேயே கட்டியாச்சு தம்பி, ரசீது அனுப்பட்டுமா?" "அனுப்புங்கண்ணே, ஆபீஸ்ல காட்டிட்டுச் சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்திடுறேன்." இந்த உரையாடல் நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், வரியை நான் கூரியர் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே, டிராக்கிங் எண்ணைத் தட்டிப் பார்த்துக் கட்டுவதுதான். பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த இணைப்பை அழுத்திப் பணம் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பி ஏமாற்றும் கும்பல்கள் இந்நாட்டில் மலிந்துவிட்ட காலத்தில், குறுஞ்செய்தியில் வரும் எந்த இணைப்பையும் நாடாமல் இருப்பதே பாதுகாப்பு.

எலிமெண்ட் 14 பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். லீட்ஸ் நகரில் 1939இல் தொடங்கிய ஃபார்னெல் நிறுவனத்தின் ஆசியப் பெயர் அது. சிங்கப்பூரில் இருப்பு உள்ள பாகமாக இருந்தால் அதைவிட வேகமான வழி எங்களுக்கு இல்லை. ஓரிரு வேலை நாள்களில் கையில் இருக்கும். கவனிக்க வேண்டியது, தளத்தில் இருப்பு என்று காட்டும் எண்ணிக்கையில் எவ்வளவு சிங்கப்பூரில், எவ்வளவு பிரிட்டனில் என்று பிரித்துப் போட்டிருப்பதை. பிரிட்டன் இருப்பிலிருந்து வந்தால் அமெரிக்காவிலிருந்து வருவதற்கும் அதற்கும் நாள் கணக்கில் வேறுபாடு இல்லை. பாக வகைகள் அமெரிக்கக் கிடங்குகளைவிடக் குறைவு, ஒற்றை பாகத்தின் விலை பெரும்பாலும் சற்றுக் கூடுதல். ஆனால் தொழிற்சாலை வரிசை நிற்கும்போது ஒரு நாளின் மதிப்பு அந்த வேறுபாட்டைவிடப் பெரிது.

சீனத் தளங்களுக்கு வருவோம். ஷென்சென் பினாங்கிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரத் தொலைவுதான். ஆனால் அங்கிருந்து சிக்கனக் கட்டணத்தில் வரும் பொட்டலம் மினசோட்டாப் பெட்டியைவிடப் பிந்தி வருவது சாதாரணம். விற்பவர் உள்நாட்டுக் கூரியரிடம் கொடுக்கிறார், அது சேகரிப்புக் கிடங்குக்குப் போகிறது, அங்கே மற்ற பொட்டலங்களோடு சாக்கில் கட்டப்பட்டு, இடம் கிடைக்கும் விமானத்துக்காகக் காத்திருக்கிறது, கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கிச் சுங்கம் முடிந்ததும் பிரிப்பு மையம், பிறகு உள்ளூர்க் கூரியரின் லாரியில் வடக்கு நோக்கிய நெடுஞ்சாலை, பிறகு பட்டர்வொர்த் வட்டாரக் கிளை, அதன்பின் வேன். ஒவ்வொரு இடத்திலும் பொட்டலத்தை ஒரு நிறுவனம் மற்றொன்றிடம் கணக்கு வைத்து ஒப்படைக்க வேண்டும். தாமதம் நேர்வது பறக்கும் நேரத்தில் அன்று, இந்த ஒப்படைப்புகளுக்கு இடையில். 2017இல் அறிவித்த மின்வர்த்தக மண்டலமும், அதன் தொடர்ச்சியாக அலிபாபா குழுமத்தின் கைனியாவ் நிறுவனமும் மலேசிய விமான நிலைய நிறுவனமும் சேர்ந்து கோலாலம்பூர் விமான நிலையப் பகுதியில் 2020இல் இயக்கத் தொடங்கிய கிடங்கும் வந்தபின் இவ்வழி முன்பைவிட வெகுவாகச் சீர்பட்டிருக்கிறது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

அஞ்சல் வழியாக வரும் பொட்டலத்தை எண்ணைப் பார்த்தே அறியலாம். உலக அஞ்சல் ஒன்றியத்தின் முறைப்படி அது 13 இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு 9 இலக்கங்கள், கடைசியில் அனுப்பும் நாட்டுக்கான இரண்டு எழுத்துகள். ஒன்பதாவது இலக்கம் முந்தைய எட்டிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், ஓர் எண்ணை மாற்றித் தட்டினாலும் பெரும்பாலும் பிழை தெரிந்துவிடும். அவ்வாறு வருவது போஸ் மலேசியாவின் பொறுப்புக்கு வந்தபின்னரே இங்குள்ள தளத்தில் நகர்வு தெரியும். அதுவரை அனுப்பிய நாட்டின் அஞ்சல் தளத்தில் பார்க்க வேண்டும். நகரவே இல்லை என்று விற்பவரோடு சண்டையிடும் முன் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. சீனப் புத்தாண்டை ஒட்டி அங்குள்ள கடைகளும் ஆலைகளும் வாரக்கணக்கில் மூடியிருக்கும். நவம்பர் 11 மலிவு விற்பனைக்குப் பிறகு பிரிப்பு மையங்கள் நிரம்பி வழியும். இந்த இரண்டு காலத்திலும் அவசரப் பாகத்தை இவ்வழியில் நான் கேட்பதில்லை.

தாமதத்தைவிடப் பெரிய கவலை பொருளின் உண்மைத்தன்மை. ஒருமுறை ஒரு சீனக் கடையிலிருந்து வந்த மின்கட்டுப்பாட்டு ஐசிக்களின் விலை வழக்கத்தில் பாதிதான் இருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது மேற்பரப்பு மணல்தாள் தேய்த்தது போல் ஒரே திசையில் கீறலாக இருந்தது. கால்களின் நுனியில் புதிதாக ஈயம் பூசிய மினுமினுப்பு. ஒரே நாடாவில் இருந்தவற்றில் வெவ்வேறு தேதிக் குறியீடுகள். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தவுடன் எழுத்துகள் கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொள்ள, அடியில் வேறொரு பாக எண்ணின் மங்கிய தடம் தெரிந்தது. பழைய பலகைகளிலிருந்து கழற்றி, தேய்த்து, விலை உயர்ந்த பாகத்தின் பெயரை அச்சிட்டு விற்கும் தொழில் இது. தளம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. போன நாள்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. உற்பத்தியாளரால் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கினால் ஆலையிலிருந்து பை வரை தொகுதி எண் தொடர்கிறது. சந்தைத் தளத்தில் அந்தத் தொடர்ச்சி முதல் படியிலேயே அறுந்துவிடுகிறது. ஆகவே திருகு, கம்பி, பெட்டி, பயிற்சிப் பலகை, அளவுக் கருவியின் முனை போன்றவற்றை மகிழ்ச்சியோடு அங்கே வாங்குகிறேன். ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு சார்ந்த பலகைக்குள் போகும் ஐசியை வாங்குவதில்லை.

உள்ளூர்க் கடைசிக் கட்டத்தைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வேண்டும். பட்டறை திறந்திருக்கும்போதே, யாரும் வராமலும் அழைக்காமலும், வாடிக்கையாளர் இல்லை என்று பதிந்துவிட்டுப் பொட்டலத்தைக் கிளைக்குத் திருப்பிக் கொண்டுபோன ஒரு கூரியரை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு நாளில் முடிக்கவே முடியாத எண்ணிக்கையில் பொட்டலங்களை ஏற்றி அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு சென் என்று கூலி கொடுக்கும் முறையில் ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. முகவரியில் தாமான் என்னும் குடியிருப்பின் பெயரோடு அருகிலுள்ள அடையாளத்தையும் எழுதுவது இதை ஓரளவு குறைத்தது.

கனம் குறைந்து பருமன் மிகுந்த பொருள்களுக்குக் கட்டணம் எடையால் மட்டும் அமைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது விரைவுக் கூரியர்களின் வழக்கம். 40, 30, 30 அளவுள்ள பெட்டி உண்மையில் 2 கிலோ இருந்தாலும் 7.2 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். குளிர்விப்பு விசிறி, அலுமினியப் பெட்டி ஆகியவற்றுக்குக் கடல்வழியே பொருத்தம். சீனத் தளங்களின் கடல்வழிச் சரக்கு பெரும்பாலும் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, பிரித்து, சாலை வழியாக நமக்கு வருகிறது. வாரக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

லித்தியம் மின்கலங்களுக்குத் தனி விதிகள் இருப்பதைப் பலர் கூரியரின் பிடிவாதம் என்று எண்ணுகிறார்கள். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யுபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று, லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கில் பற்றிய தீயால் விழுந்து இரு விமானிகளும் உயிரிழந்தார்கள். 2016 ஏப்ரல் முதல் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது; சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 20,000 மில்லியாம்பியர் மணி என்று போட்டிருக்கும் பவர் பேங்கின் கொள்ளளவை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 74 வாட் மணி வரும். அந்த எண்ணை விலைச்சீட்டில் எழுதாமல், பொம்மை என்று எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

வயர்லெஸ் தொகுதிகளும் சுவர் மின்னில் செருகும் அடாப்டர்களும் இன்னொரு வகைக் கவலை. வைஃபை, புளூடூத் போன்ற வானலைக் கருவிகளுக்கு இங்கே சிரிம் என்னும் தரச்சான்று நிறுவனத்தின் சான்றிதழ் தேவை. வீட்டு மின்கருவிகள் பலவற்றுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் தேவை. நம் மின்சாரம் 230 வோல்ட், செருகி மூன்று செவ்வகக் கால்கள் கொண்டது. இவற்றைக் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ பினாங்குக் கடைகளிலோ சிரிம் சீட்டைக் கண்ணால் பார்த்து வாங்குவதையே பரிந்துரைக்கிறேன். சாதாரண ரெசிஸ்டர், ரிலே, பியூஸ், இணைப்பான் ஆகியவற்றுக்குப் புடுவிலுள்ள ஜாலான் பாசார் கடைகள் இன்றும் கைகொடுக்கின்றன. பாக எண் தெரியாவிட்டாலும் எரிந்த பாகத்தின் படத்தை அனுப்பினால், கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பெரியவர் அதற்கு ஈடானதை எடுத்துக் கூரியரில் போட்டுவிடுவார். மறுநாள் பிறையில் கிடைக்கும். எந்தத் தேடுபொறியும் செய்யாத உதவி அது.

கடைசியாகத் திருப்பி அனுப்புவது. அமெரிக்கக் கிடங்குகளில் குறை இருந்தால் முதலில் திருப்புவதற்கான அனுமதி எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஏற்றுமதித் தாளில் இது விற்பனையன்று, திரும்பும் சரக்கு என்று குறிப்பிட வேண்டும். அனுமதி கேட்கும் படிவத்தில் அவர்கள் விசாரிப்பது விலைச்சீட்டு எண்ணையும், பையிலுள்ள தொகுதி எண்ணையும் தேதிக் குறியீட்டையும்தான். ஆகவே எங்கள் பட்டறையில் எந்தப் பையையும் வேலை முடிந்தவுடன் எறிவதில்லை. சீட்டுள்ள பகுதியை வெட்டி, அந்தப் பாகம் போன பலகையின் பழுதுச் சீட்டோடு பிணைத்து, உத்தரவாதக் காலம் முடியும் வரை கோப்பில் வைத்திருக்கிறோம்.